சித்தூர்ப் பாசறையில் கண் மூடிய ஐதர் அலி

காட்பாடியில் ரெயில் ஏறித் திருப்பதிக்குப் போகிறவர்கள் சித்தூரில் வண்டி நின்றதும் இறங்கி டீ குடிப்பார்கள். சிலர் தண்ணீர் பிடிப்பார்கள். வெளியே தெரியும் குன்றுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் குன்றுகளுக்கு நடுவே, இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால், பிணமாகிவிட்ட ஒரு மன்னர் உயிரோடு இருப்பதாகச் சொல்லி ஒரு பெரும் படையை நடத்திச் சென்றார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

அந்த மன்னர் ஐதர் அலி. 1782-ம் ஆண்டு டிசம்பர் 7-ந்தேதி, சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டையில் இருந்த பாசறையில் அவர் இறந்தார். முதுகில் வந்த ராஜபிளவை அவரைக் கொன்றது. கம்பெனிப் படையால் முடியாததை ஒரு கட்டி முடித்தது.

ஐதர் அலியை வீரர் என்று நம் பள்ளிக்கூடப் புத்தகங்கள் சொல்லும். அவர் வீரர்தான். ஆனால் அவர் வாழ்க்கையை ஊன்றிப் பார்த்தால், வாளைவிடக் கணக்கையே அதிகம் நம்பியவர் என்று தெரியும். எந்த அரசு எப்போது எழும், எது எப்போது விழும், யார் யாரோடு சேருவார்கள் என்று அவர் ஓயாமல் கணக்குப் போட்டார். இன்று பெரிய பெரிய பல்கலைக்கழகங்களில் இதையே ஒரு படிப்பாக வைத்திருக்கிறார்கள். நாடுகளின் உறவைப் பற்றிய படிப்பு. அந்தப் படிப்பைப் படித்த மேதாவிகள் 1991-ல் தலைகுனிய வேண்டி வந்தது. அந்த ஆண்டு சோவியத் யூனியன் 15 நாடுகளாகச் சிதறியது. அது அப்படிச் சிதறும் என்று அவர்களில் மிகப் பெரும்பாலோர் முன்கூட்டிச் சொல்லவில்லை. அத்தனை உளவுப் படையும் அத்தனை புத்தகமும் வைத்திருந்தவர்கள் கதை அது. எழுதப் படிக்கவே தெரியாத ஐதர் அலி எவ்வளவு தூரம் பார்த்தார், எந்த இடத்தில் அவர் கண்ணுக்கு எட்டாமல் போயிற்று என்பதுதான் அவர் கதையில் சுவையான பகுதி.

முரசுக்குள் அடைபட்ட பிள்ளை

ஐதர் பிறந்தது கோலார் பக்கத்தில் உள்ள பூதிக்கோட்டையில். 1720-ஐ ஒட்டிய ஆண்டுகளில் என்பார்கள். தந்தை பத்தே முகமது. அவர் ஆர்க்காட்டு நவாபின் படையில் வாணம் விடும் வீரர்களுக்குத் தலைவராக இருந்தவர். பிறகு சிராவுக்குப் போனார். அங்கே ஒரு போரில் மாண்டார்.

அப்பன் பட்ட கடனுக்குப் பிள்ளைகளைப் பிடித்தார்கள். ஐதரையும் அண்ணன் ஷாபாசையும் முரசுக்குள் போட்டு, மேலே தோலை இறுக்கி அடித்து, பணம் எங்கே என்று தாயைக் கேட்டதாக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். உறவினர் ஒருவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மைசூர் ராஜாவின் படையில் இருந்தார். அவர் தயவால் பிள்ளைகள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

பள்ளிக்கூடம் இல்லை. தம் பெயரின் முதல் எழுத்தை மட்டும் கையெழுத்தாகப் போடக் கற்றுக்கொண்டார். ஆனால் இந்துஸ்தானி, கன்னடம், மராத்தி, தெலுங்கு, தமிழ் ஆகிய ஐந்தும் பேசுவார். பல கடிதங்களைக் காதால் கேட்டபடியே அவற்றுக்கெல்லாம் பதில் சொல்லுவார். ஒரு பக்கம் கணக்கு வாசிக்கப்படும், மறுபக்கம் ஒற்றர்கள் செய்தி சொல்லுவார்கள். ஒன்றையும் மறக்கமாட்டார்.

1749-ல் தேவனஹள்ளி முற்றுகையில் அவருடைய துணிவு வெளியே தெரிந்தது. 1755-ல் திண்டுக்கல்லுக்குப் பவுஜ்தார் ஆனார். மதுரை, திண்டுக்கல் பக்கத்துப் பாளையக்காரர்களை அடக்கியது அங்கே இருந்துதான். பிரெஞ்சுக்காரத் தொழிலாளிகளை அழைத்து வந்து பீரங்கி செய்ய ஏற்பாடு செய்ததும் அங்கேதான். 1761-ல் மைசூர் அரசு முழுதும் அவர் கைக்கு வந்துவிட்டது. ராஜா பெயருக்கு இருந்தார். தசராவுக்கு மட்டும் மக்களுக்குத் தரிசனம் கொடுத்தார்.

இந்தக் காலத்தில் ஐதர் கண்ணால் கண்ட ஒரு விஷயம் அவர் மனதை விட்டு அகலவில்லை. அது திருச்சி விவகாரம். ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு முகமது அலியும் சந்தா சாகிப்பும் போட்டியிட்டபோது, உதவிக்கு வந்தால் திருச்சியைத் தருவதாக முகமது அலி மைசூருக்கு வாக்குக் கொடுத்தார். மைசூர்ப் படை வந்தது. அதில் ஐதரும் இருந்தார். சந்தா சாகிப் ஒழிந்தார், முகமது அலி நவாப் ஆனார். திருச்சி மட்டும் மைசூருக்கு வரவில்லை. நவாபுக்குப் பின்னால் கம்பெனி நின்றது. கடன் பத்திரம் இருந்தும் கோர்ட்டு இல்லாத ஊரில் கடன்காரன் நிலை என்னவோ அதுதான் மைசூர் நிலை.

சென்னையின் வாசலில்

முதல் மைசூர்ப் போர் 1767-ல் வந்தது. செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் ஐதருக்குத் தோல்வி. நிஜாம் அவரோடு சேர்ந்து வந்தவர், பாதியில் கழன்று கொண்டார். ஆனால் ஐதர் சளைக்கவில்லை. 1769 மார்ச்சு மாதம், கம்பெனிப் படையை எங்கோ அலைய விட்டுவிட்டு, சுமார் 6 ஆயிரம் குதிரை வீரர்களோடு மூன்றரை நாளில் 130 மைல் பாய்ந்து பரங்கிமலைக்கு வந்து நின்றார். கோட்டைக்குள் இருந்த வெள்ளைக்கார வியாபாரிகளுக்குப் பேச்சு மூச்சு இல்லை. ஏப்ரலில் ஒப்பந்தம் ஆயிற்று.

வென்றவர் என்ன கேட்டிருக்கலாம்? பணம் கேட்டிருக்கலாம், நாடு கேட்டிருக்கலாம். ஐதர் முக்கியமாகக் கேட்டது ஒரு ஷரத்து. மூன்றாவது ஆள் யாராவது தாக்கினால் கம்பெனியும் மைசூரும் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்பது அது. மராத்தியர் அடுத்து வருவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் எதிர்பார்த்தபடியே மராத்தியர் வந்தார்கள். 1771-ல் மேல்கோட்டை அருகே ஐதரின் படை சின்னாபின்னமாயிற்று. அவரே தப்பியது பெரிது. கம்பெனிக்கு ஆள் அனுப்பினார். மறுபடியும் அனுப்பினார். ஒரு சிப்பாய்கூட வரவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. ஒரு பெரும் நிலப்பரப்பையும் ஏராளமான பணத்தையும் கொடுத்து ஐதர் மராத்தியரிடமிருந்து மீண்டார்.

வெள்ளைக்காரரோடு சேர்ந்து வாழ முடியும் என்ற எண்ணம் அன்றோடு அவருக்குப் போயிற்று என்று சொல்லலாம். முன்பு அவர் அவர்களுடைய நட்பைத் தேடியவர் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆரம்பத்திலிருந்தே வெள்ளையரை எதிர்க்கப் பிறந்தவர் போல அவரைக் காட்டுவது சினிமாவுக்குப் பொருந்தும், வரலாற்றுக்குப் பொருந்தாது.

நாலு பேர் ஆடிய ஆட்டம்

அன்றைய தென்னாட்டில் நாலு கை இருந்தது. பூனாவில் மராத்தியர், ஐதராபாத்தில் நிஜாம், மைசூரில் ஐதர், சென்னையில் கம்பெனி. நாலு பேரும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. ஒருவன் அளவுக்கு மீறி வளர்ந்தால் மற்றவர்கள் சேர்ந்து அவனை அடக்குவார்கள் என்பது இந்த ஆட்டத்தின் விதி. 1979-ல் அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் வால்ட்ஸ் எழுதிய புகழ் பெற்ற புத்தகத்தின் சாரமும் இதுதான். அவர் கொள்கை நாடுகள் பொதுவாக எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லும். எந்த நாடு எந்த நாளில் என்ன செய்யும் என்று சொல்லாது. அப்படிச் சொல்வதாக அவரும் உரிமை கொண்டாடவில்லை.

நம் நாட்டில் கவுடில்யர் இதையெல்லாம் எப்போதோ எழுதி வைத்தார். அண்டை நாட்டுக்காரன் பகைவன், அவனுக்கு அடுத்த நாட்டுக்காரன் நண்பன் என்று வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டினார். வேடிக்கை என்னவென்றால், அர்த்தசாஸ்திரத்தின் ஓலைச் சுவடி ஐதர் ஆண்ட மைசூரில்தான் 1905-ல் சாமசாஸ்திரி கண்ணில் பட்டது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் நூலகத்துக்குக் கொடுத்த சுவடி அது. ஐதர் காலத்தில் அது யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்திருக்கும். கிடைத்திருந்தாலும் யாராவது படித்துச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பாடம் அவருக்குத் தேவைப்படவில்லை.

இந்த நேரத்தில் ஏழு கடலுக்கு அப்பால் ஒரு நெருப்புப் பற்றியது. 1775-ல் அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்தை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கின. 1778 பிப்ரவரியில் பிரான்சு அமெரிக்காவோடு ஒப்பந்தம் செய்து போரில் இறங்கியது. செய்தி வந்ததும் கம்பெனி இங்கே உள்ள பிரெஞ்சு ஊர்களைப் பிடுங்கத் தொடங்கிற்று. 1778 அக்டோபரில் புதுச்சேரி விழுந்தது. அடுத்த குறி மலபார்க் கரையில் உள்ள மாகி.

மாகி சின்ன ஊர். ஆனால் ஐதருக்குத் துப்பாக்கியும் வெடிமருந்தும் வந்து இறங்கிய துறை அதுதான். அது தம் பாதுகாப்பில் இருக்கிறது, கை வைக்க வேண்டாம் என்று கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினார். 1779 மார்ச்சில் கம்பெனி அதைப் பிடித்தது. அதே ஆண்டு குண்டூர் விஷயத்தில் நிஜாமையும் பகைத்துக் கொண்டது. மராத்தியரோடு ஏற்கனவே பம்பாய்க்காரர்கள் போர் நடத்திக் கொண்டிருந்தார்கள். ஆக, மூன்று பேரையும் ஒரே நேரத்தில் பகைத்துக் கொள்ளும் திறமை கம்பெனிக்கு இருந்தது.

ஐதர் இதற்காகவே காத்திருந்தார். பூனாவின் நானா பட்னவிஸ் அவரோடு கை கோத்தார். கிருஷ்ணா நதிக்குத் தெற்கே ஐதர் பிடித்திருந்த மராத்திய நிலங்களை அவருக்கே விட்டுக் கொடுத்தார். நிஜாம் சேர்ந்தார். நாகபுரி போன்ஸ்லே வங்காளத்தைத் தாக்குவது, பூனாக்காரர்கள் பம்பாய்ப் பக்கம் பார்த்துக்கொள்வது, நிஜாம் வட சர்க்கார்களில் இறங்குவது, ஐதர் சென்னைச் சீமையில் இறங்குவது என்று திட்டம். நாலு திசையிலும் ஒரே நேரத்தில் அடி. கடலில் பிரெஞ்சுக்காரர். காகிதத்தில் பார்த்தால் இதில் ஓட்டையே கிடையாது. இந்தியாவில் வெள்ளையர் ஆட்சி அன்றைக்கே முடிந்திருக்க வேண்டும்.

1780 ஜூலையில் ஐதர் சுமார் 80 ஆயிரம் பேருக்கு மேல் திரட்டிக்கொண்டு செங்கம் கணவாய் வழியாக இறங்கினார். செப்டம்பர் 10-ந்தேதி காஞ்சிபுரம் பக்கத்தில் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. சில மைல் தொலைவில் காஞ்சிபுரத்தில் இருந்த தளபதி மன்றோ உதவிக்கு வரவில்லை. தம் பெரிய பீரங்கிகளைக் கோவில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினார். நவம்பர் 3-ந்தேதி ஆர்க்காடு விழுந்தது.

வெற்றிகளைச் சொல்லும்போது குடிமக்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். கம்பெனிப் படைக்கு ஒரு படி அரிசி கிடைக்கக் கூடாது என்பதற்காக ஐதரின் குதிரைப் படை சென்னையைச் சுற்றி ஊர் ஊராகக் கொளுத்தியது. ஏரிக் கரைகள் உடைந்தன. மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். தஞ்சைச் சீமையில் அந்த நாட்களை ஐதர் கலாபம் என்று பின்னால் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பஞ்சம் வந்தது. சனங்கள் சென்னைக்குள் கூட்டம் கூட்டமாக ஓடி வந்தார்கள். 1782 அக்டோபரில் அடித்த புயலில் சென்னைத் துறையில் நின்ற அரிசிக் கப்பல்கள் மூழ்கின. தெருவிலே செத்தவர்களை வண்டியில் வாரிப் போக வேண்டி வந்தது. எந்த அரசனின் கணக்கிலும் இவர்களுக்கு ஒரு பத்தி ஒதுக்கப்படவில்லை. கம்பெனி கணக்கிலும் இல்லை, ஐதர் கணக்கிலும் இல்லை.

கூட்டு கலைந்தது

கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ். அவரும் கணக்குப் போடுகிறவர்தான். நாலு பேர் கூட்டை உடைக்க நாலு பேரையும் வெல்ல வேண்டியதில்லை என்று அவர் கண்டுகொண்டார். ஒவ்வொருவருக்கும் ஒரு விலை உண்டு. நிஜாமுக்குக் குண்டூரைத் திருப்பிக் கொடுத்தார், நிஜாம் சும்மா இருந்துவிட்டார். போன்ஸ்லேக்குப் பணம் போயிற்று. அவருடைய படை ஒரிசாவில் உட்கார்ந்து பொழுதைக் கழித்தது. மராத்தியரில் சிந்தியா 1781 அக்டோபரில் தனியாகச் சமாதானம் பேசினார்.

வயதான ஜெனரல் அயர் கூட்டைக் கடல் வழியாகச் சென்னைக்கு அனுப்பியதும் ஹேஸ்டிங்ஸ்தான். அரிசியும் அந்த வழியாகவே வங்காளத்திலிருந்து வந்தது. 1780 டிசம்பரில் ஆங்கிலக் கப்பற்படைத் தலைவர் ஹியூஸ் மங்களூரில் ஐதரின் கப்பல்களைக் கொளுத்திவிட்டார். கடலில் ஐதருக்கு இருந்த கொஞ்ச நஞ்சமும் அதோடு போயிற்று. இனிக் கடலுக்குப் பிரெஞ்சுக்காரரைத்தான் நம்ப வேண்டும்.

1781 பிப்ரவரியில் அந்த நம்பிக்கை பலிக்கும் போலிருந்தது. கூட் கடலூரில் மாட்டிக்கொண்டார். தரைப் பக்கம் ஐதர். கடற்பக்கம் மொரீஷியசிலிருந்து வந்த டோர்வ் என்ற பிரெஞ்சுக் கப்பல் தலைவர். கூட்டின் படைக்குச் சில நாள் சோறுதான் பாக்கி. டோர்வ் இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே நின்றிருந்தால் போதும், ஒரு குண்டு வெடிக்காமல் கூட் சரணடைந்திருப்பார். ஐதர் ஆள் மேல் ஆள் அனுப்பிக் கெஞ்சினார். டோர்வ் காது கொடுக்கவில்லை. பாய் விரித்து மொரீஷியசுக்கே திரும்பிவிட்டார். ஏன் போனார் என்று பிரெஞ்சுக்காரர்களே பின்னால் அடித்துக்கொண்டார்கள். பெரிய பெரிய கொள்கைகளில் இப்படி ஓர் ஆள் அடங்குவதில்லை.

1781 ஜூலை 1-ந்தேதி பரங்கிப்பேட்டையில் கூட் சுமார் 8 ஆயிரம் பேரை வைத்துக்கொண்டு ஐதரை வென்றார். ஐதரின் மைத்துனரும் குர்ரம்கொண்டாவை ஆண்டவருமான மீர் அலி ரசா அந்தப் போரில் இறந்தார். அடுத்துப் புள்ளலூரிலும் சோளிங்கரிலும் கூட்டுக்கே வெற்றி. ஆனால் வென்று என்ன செய்வது? நவம்பரில் சித்தூர்க் கோட்டையைப் பிடித்தார் கூட். வேலூர்க் கோட்டைக்கு அரிசி சேர்த்தார். பிறகு மழையிலும் பசியிலும் ஆட்களை இழந்துகொண்டே சென்னைக்குத் திரும்பினார். பிடித்த ஊரில் உட்காரச் சோறு இல்லை. ஐதரோ தோற்ற மறுநாளே வேறோர் இடத்தில் முளைத்தார். 1782-ல் நவாபின் தம்பி அப்துல் வகாப் கான் வசமிருந்த சந்திரகிரிக் கோட்டையும் அவரிடம் பணிந்தது. திருப்பதிக்குப் போகும் வழியில் இன்று நாம் பார்க்கும் அதே சந்திரகிரிதான். திருமலைக் கோவிலுக்கு வந்த பணம் அப்போது நவாபின் கடனுக்கு ஈடாகக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தது. கோட்டை கைமாறியதில் கம்பெனிக்கு இருந்த கவலை இதிலிருந்து விளங்கும்.

1782 பிப்ரவரியில் தஞ்சைப் பக்கம் கர்னல் பிரெய்த்வெயிட்டின் படையை மகன் திப்பு சுற்றி வளைத்துப் பிடித்தார். பாசறை முழுதும் கொண்டாட்டம். ஆனால் கிழவர் மனத்தில் நிம்மதி இல்லை. ஓர் இரவு தம் அமைச்சர் பூர்ணய்யாவைத் தனியே அழைத்து வைத்துக்கொண்டு மனம் விட்டுப் பேசியதாக மைசூர் வரலாறு எழுதிய வில்க்ஸ் சொல்கிறார். தாம் பெருந்தவறு செய்துவிட்டதாக ஐதர் வருந்தினாராம். கம்பெனியோடு மனக்கசப்பு உண்டு என்றாலும் இவ்வளவு பெரிய போருக்கு அது போதிய காரணம் இல்லை என்றாராம். பெய்லியைப் போல, பிரெய்த்வெயிட்டைப் போல எத்தனை பேரைத் தோற்கடித்தாலும் அவர்கள் அழியமாட்டார்கள், தரையில் அவர்கள் வளத்தை நாசம் செய்யலாம், கடலை வற்றவைக்கத் தம்மால் ஆகாது என்பது அவர் பேச்சின் கருத்து.

வில்க்ஸ் கம்பெனி ஆள்தானே, தம் பக்கத்துக்குச் சாதகமாக எழுதியிருக்க மாட்டாரா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் பூர்ணய்யா வெகுகாலம் உயிரோடு இருந்தவர், வில்க்சுக்குப் பழக்கமானவர். மேலும் அந்த ஆண்டு நடந்தவை எல்லாம் அந்தப் பேச்சுக்குப் பொருந்தியே இருந்தன.

1782 மே 17-ந்தேதி சால்பாய் என்ற ஊரில் மராத்தியர் கம்பெனியோடு சமாதான உடன்படிக்கை எழுதினார்கள். ஐதர் பிடித்த நாட்டைத் திருப்பிக் கொடுக்கச் செய்வது பேஷ்வாவின் பொறுப்பு என்று அதில் ஒரு ஷரத்து. கூட்டாளியே ஜாமீன்தாராக மாறிவிட்டார். ஆனால் நானா பட்னவிஸ் லேசுப்பட்டவர் அல்ல. உடன்படிக்கைக்குப் பூனாவின் இறுதி ஒப்புதலைக் கொடுக்காமல் மாதக்கணக்கில் இழுத்தடித்தார். ஐதர் உயிரோடு இருக்கும் வரை அவர் ஒரு துருப்புச் சீட்டு.

பிரெஞ்சுப் பக்கமும் இப்போதுதான் உருப்படியான ஆள் வந்தார். டோர்வ் இறந்துபோக, சுப்ரான் கப்பற்படைக்குத் தலைவர் ஆனார். ஹியூசோடு ஒரே ஆண்டில் நாலு முறை மோதினார். ஜூலையில் கடலூர்ப் பக்கம் ஐதரும் அவரும் சந்தித்தார்கள். சுப்ரான் பெருத்த உடம்புக்காரர். சம்மணம் போட்டு உட்கார முடியாமல் திண்டாடினார். தர்பார் முறையைப் பார்க்க வேண்டாம், சவுகரியம் போல் உட்காரட்டும் என்று ஐதர் திண்டுகளைக் கொண்டுவரச் செய்தார். இந்த மனிதர் ஓராண்டு முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று அவர் நினைத்திருந்தால் வியப்பில்லை. ஆகஸ்டு கடைசியில் சுப்ரான் திரிகோணமலையைப் பிடித்துக் கொடுத்தார். புஸ்ஸி என்ற பெரிய தளபதி படையோடு வருகிறார் என்ற செய்தியும் வந்தது.

மழைக்காலம் வந்தது. ஐதர் தம் படையைச் சித்தூர்ப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார். முதுகில் கட்டி அதற்குள் பழுத்துவிட்டது.

செத்த பிறகும் நடந்த தர்பார்

டிசம்பர் 7-ந்தேதி அவர் இறந்தபோது திப்பு மேற்குக் கடற்கரையில் பொன்னானிப் பக்கம் வெள்ளையர் படையோடு போரிட்டுக் கொண்டிருந்தார். ராஜா இறந்தார் என்ற சொல் வெளியே போனால் கூலிக்கு வந்த பட்டாளம் கலைந்துவிடும். படை 88 ஆயிரம் என்றும் கஜானாவில் 3 கோடி ரூபாய் என்றும் ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பூர்ணய்யாவும் கிருஷ்ணராவும் இரவோடு இரவாக முடிவு செய்தார்கள். உடலைப் பதமிட்டுப் பெட்டியில் வைத்தார்கள். பொக்கிஷப் பெட்டி போவது போலக் காவலோடு அது கோலாருக்குப் போயிற்று. இங்கே எல்லாம் வழக்கம் போல் நடந்தது. ராஜாவுக்கு உடம்பு சரியில்லை என்பது மட்டும் செய்தி. உத்தரவுகள் வந்துகொண்டே இருந்தன. சம்பளம் பட்டுவாடா ஆயிற்று. உறவினர் ஒருவர் இளைய மகனைப் பட்டத்தில் ஏற்றச் சதி செய்தார். சதிகாரர்களை விலங்கு மாட்டி வெளியே அனுப்பினார்கள், அதுவும் ராஜாவின் கட்டளை என்ற பெயரிலேயே. திப்பு சிறு கூட்டத்தோடு விரைந்து வந்து சேரும் வரை மூன்று வாரத்துக்கு மேல் இந்த நாடகம் நடந்தது.

சென்னையில் கவர்னர் மக்கார்ட்னிக்குச் செய்தி எட்டிவிட்டது. உடனே படையைக் கிளப்பச் சொன்னார். கூட் நோயாளியாகி வங்காளம் போய்விட்டிருந்தார். அவர் இடத்தில் இருந்த ஜெனரல் ஸ்டூவர்ட்டோ செய்தியையே நம்பவில்லை. வண்டி மாடு இல்லை, அரிசி இல்லை என்று சாக்குச் சொன்னார். ஐதரின் படை தலையில்லாமல் சித்தூர்ப் பக்கம் நின்ற அந்த நாட்களில் ஒரு பட்டாளமும் அதன் பக்கம் வரவில்லை. பூனாவுக்கும் செய்தி போயிற்று. ஆறு மாதம் இழுத்த நானா பட்னவிஸ், டிசம்பர் 20-ந்தேதி சால்பாய் உடன்படிக்கைக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார். துருப்புச் சீட்டு போய்விட்டது.

இன்னொரு விஷயம் சித்தூரிலோ சென்னையிலோ யாருக்கும் தெரியாது. ஐதர் இறப்பதற்கு ஒரு வாரம் முன்னால், நவம்பர் 30-ந்தேதி, பாரிஸ் நகரில் இங்கிலாந்தும் அமெரிக்காவும் பூர்வாங்க சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டன. ஜனவரி 20-ந்தேதி பிரான்சும் போட்டது. எந்தப் போர் ஐதருக்குப் பிரெஞ்சுக் கப்பல்களைக் கொண்டுவந்து கொடுத்ததோ, அந்தப் போர் அங்கே முடிந்துபோயிற்று. சந்தாவில் தந்தி இல்லாத காலம். செய்தி கப்பலில் ஆடி ஆடி வந்து சேர ஆறு மாதம் ஆயிற்று. அதற்குள் புஸ்ஸி 1783 மார்ச்சில் வந்து இறங்கினார். ஜூனில் கடலூரில் ஸ்டூவர்ட்டின் படையோடு கடும் போர் நடந்து ஆயிரக்கணக்கில் ஆட்கள் விழுந்தார்கள். அவர்கள் செத்தபோது அவர்களை அனுப்பிய ராஜாக்கள் சமாதானமாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஜூன் கடைசியில் செய்தி வந்ததும் பிரெஞ்சுக்காரர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார்கள். திப்பு தனித்து நின்றார். 1784 மார்ச் 11-ந்தேதி மங்களூர் உடன்படிக்கையில் அவரவர் பிடித்ததை அவரவர் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஐதர் அலி அமெரிக்காவைப் பார்த்ததில்லை. ஆனால் அமெரிக்கர்கள் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருந்தார்கள். பென்சில்வேனியா மாநிலத்தின் ஒரு போர்க் கப்பலுக்கு ஐதர் அலி என்றே பெயர் இருந்தது. 1782 ஏப்ரல் 8-ந்தேதி அந்தக் கப்பல் டெலவேர் விரிகுடாவில் தன்னைவிடப் பெரிய ஆங்கிலக் கப்பல் ஒன்றைப் பிடித்தது. கடலில் கப்பல் இல்லாமல் தவித்த மனிதரின் பெயரில், உலகத்தின் மறுகோடியில் ஒரு கப்பல் வென்றது. இந்தச் செய்தி அவர் காதுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

கோலாரில் தந்தையின் கல்லறை அருகே வைக்கப்பட்ட உடலைத் திப்பு பின்னர் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோய், கும்பஸ் என்ற அழகிய மண்டபத்தில் அடக்கம் செய்தார். 1792-ல் சந்திரகிரியும் திண்டுக்கல்லும் மைசூரின் கையை விட்டுப் போயின. 1799-ல் திப்பு கோட்டை வாசலில் விழுந்து மாண்டு, தந்தைக்குப் பக்கத்திலேயே அடக்கமானார்.

பூர்ணய்யா என்ன ஆனார்? தமிழ்நாட்டில் பிறந்த அவர் கணக்கு வேலையில் தொடங்கி மேலே வந்தவர். 1799-ல் கம்பெனி மைசூரில் பழைய உடையார் வம்சத்துச் சிறுவனைப் பட்டத்தில் ஏற்றியபோது, நாட்டை நடத்த ஒரு திவானைத் தேடியது. சித்தூர்ப் பாசறையில் செத்த ராஜாவின் பெயரால் உத்தரவு போட்ட அதே பூர்ணய்யாவைத்தான் நியமித்தது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் அவரே மைசூரை நடத்தினார்.